யாரையாவது விட்டுட்டோமா?

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் மைதானத்தில் சேசுநாதர் பாடுகளின் கூத்து நடக்கும். சீடர் பேதுரு நெருப்பில் குளிர்காய்ந்தபடி, மூன்றாம் தரமாக "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று கையை உதறியதும் மணிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் கூவும். பத்து வருஷமாக அந்தச் சேவல் இருதயநாதன்தான். அதற்கு முன்னால் செல்போனில் பதிந்துவைத்த சேவலை மைக்கில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் சரியாக அந்த நேரம் பார்த்து யாரோ அந்த போனுக்குக் கூப்பிட, சேவலுக்குப் பதில் டப்பாங்குத்துப் பாட்டு வந்து, அழ வேண்டிய பேதுரு சிரித்துவிட்டார். அன்றோடு போன் வேண்டாம், ஆள் கூவட்டும் என்று முடிவாயிற்று.

இருதயநாதன் என்ற பேரில் அங்கே இரண்டு பேர் உண்டு. இவர் உப்பளத்து இருதயநாதன். அம்மா அந்தோணியம்மாள் அனுமந்தையிலிருந்து வாழ வந்தவள். அந்தோணியம்மாளின் அப்பா கட்டுமரக்காரர். விடியலில் கரைக்கு வந்து நின்று சேவல் மாதிரிக் கூவித்தான் மற்ற ஆட்களை எழுப்புவாராம். அவருடைய பிள்ளைகள் ஏழு பேரில் ஒருவருக்கும் அந்தக் குரல் வரவில்லை. ஒரு தலைமுறை தள்ளி, மகள் வயிற்றுப் பேரனிடம் வந்து சேர்ந்தது.

வெறும் குரல் மட்டும் அல்ல, அவர் கூவுவதில் ஒரு கோபமும் இருந்தது. முன்வரிசையில் மடியில் கிடக்கிற பிள்ளைகள் தூக்கிவாரிப்போட்டு எழும். கூத்தை நடத்துகிற உபதேசியார் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"இன்னாப்பா நாதா, பேதுருவ அடிக்கப் போற மாதிரி கூவுற?"

இருதயநாதன் சிரித்து மழுப்பிவிடுவார். அவர் கண்ணுக்கு அங்கே நெருப்புப் பக்கத்தில் நிற்பது பேதுரு அல்ல, சகாதேவன். அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

சகாதேவன் மேற்கே ஏரிக்கரை ஊர்க்காரர். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். இருதயநாதனும் அவரும் ஒரே அளத்தில் பதினெட்டு வருஷம் ஜோடியாக உப்பு வாரியவர்கள். உப்பளத்தில் ஜோடி என்பது சும்மா இல்லை. பாத்தியின் இந்த வரப்பில் ஒருவர், அந்த வரப்பில் ஒருவர் நின்று பலகையால் உப்பை இழுப்பார்கள். ஒருவர் கை முந்தினால் அடிச்சேறு கலங்கி வெள்ளை உப்பு கறுத்துப்போகும். இரண்டு கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும். பதினெட்டு வருஷம் போயிற்று. இருதயநாதனின் மகள் அனுஷியா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சகாதேவன் தோளில்தான் ஏறுவாள். சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில், ஒரு பிற்பகல் எதிர்பாராமல் மழை வந்தது. இருதயநாதன் உப்பு அம்பாரத்தின் மேல் கீற்று மூட ஓடினார். மடையை அடைக்கிறேன் என்று சொல்லிச் சகாதேவன் வாய்க்கால் பக்கம் ஓடினார். ஓடியவர் மேல் மடையை அடைத்தார், கீழ் மடையை மறந்தார். மழைத்தண்ணீர் அந்த வழியாகப் புகுந்து, மறுநாள் வார இருந்த பன்னிரண்டு பாத்தி உப்பும் கரைந்துபோயிற்று.

மேஸ்திரி பலராமன் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார்.

"கீழ் மடைய யாருடா பாத்தது?"

சகாதேவன் தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுங்க. நான் கீத்து மூடிக்கிட்டிருந்தேன்."

கீற்று மூடியவர் அவர் என்றால் மடைக்குப் போனவர் இவர் என்று ஆகிவிட்டது. இருதயநாதன் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் இதோ சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று காத்திருந்தார். மேஸ்திரி "நாளைலேருந்து நீ வராத" என்று சொல்லி முடித்த பிறகும் காத்திருந்தார். அப்புறம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அற்றுப்போனது.

நாலு மாதம் வேலை இல்லை. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் வேறொரு அளத்தில் தண்ணீர் பார்க்கிற வேலை கிடைத்தது. மோட்டார் போடுவது, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிடுவது. தனி ஆள் வேலை. கண்ணுக்கு எட்டின மட்டும் வெயிலும் வெள்ளையும்தான். பேச ஒரு நாதி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியார் சொன்னார். சேசுநாதர் கடைசி இராப்போஜனத்தில் சீடர்களிடம், உங்களை இனி வேலைக்காரர் என்று சொல்ல மாட்டேன், சிநேகிதர் என்றே சொல்வேன் என்றாராம். முதலாளி மனசில் என்ன இருக்கிறது என்று வேலைக்காரனுக்குத் தெரியாது, சிநேகிதனிடம் எல்லாவற்றையும் சொல்லுவார் என்றாராம்.

இருதயநாதனுக்கு அது அப்படியே பிடித்துக்கொண்டது. அளத்து வேலைக்காரனுக்கு எது தெரியும்? உப்பு எந்த லாரியில் எந்த ஊருக்குப் போகிறது என்று தெரியாது. அடுத்த வருஷம் அளம் நடக்குமா, இடத்தை மனை போட்டு விற்பார்களா என்பதும் கடைசியில்தான் தெரியும். அப்படிப்பட்டவனைப் பார்த்துக் கடவுளே நீ எனக்குச் சிநேகிதன் என்கிறார். மறுநாள் வரப்பில் உட்கார்ந்து சோற்றுடப்பாவைத் திறந்தபோது, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"ஏம்பா சேசு, காத்து மாறுது பாத்தியா? இன்னிக்கு உப்பு பூக்காது."

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் பேசினார். மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னார், மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்று சொன்னார். கருவாடு நன்றாக இருந்தால் அதையும் சொன்னார். அவர் மனைவி இன்னாசியம்மாள் ஒரு நாள் சோறு கொண்டுவந்தபோது கேட்டுவிட்டாள்.

"சாமியப் போயி ஏம்பாங்கறீங்களே, நாக்கு அழுகிப்போவாது?"

"சாமின்னா பீடத்துமேல நிப்பாரு. கூட்டாளின்னாதான் வரப்புல குந்துவாரு."

"அதுக்காக? வா, போன்னா?"

"கூட்டாளிய வாங்க போங்கன்னா சண்ட போட்டுக்கினோம்னு நெனைப்பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பேச்சில் பாதி சகாதேவனைப் பற்றித்தான். "பதினெட்டு வருசம்பா. எங் கையும் அவங் கையும் ஒரே கை. ஒரு வார்த்த சொன்னானா பாரு." சேசுவும் தலையை ஆட்டுவார். ஆட்டுவதாக இருதயநாதனுக்குத் தோன்றும். உன்னையும்தான் உன் ஆள் தெரியாது என்றான், என்னையும் என் ஆள் தெரியாது என்றான் என்று நினைத்துக்கொள்வார். நினைக்க நினைக்க ஒட்டுதல் கூடிற்று. மறு வருஷம் சேவலுக்கு ஆள் தேடியபோது, நான் கூவுகிறேன் என்று தானாகப் போய் நின்றார்.

இந்த வருஷம் அனுஷியாவுக்குக் கலியாணம் கூடிவந்தது. ஆரோவில்லில் ஒரு தையல் பட்டறையில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளை டோமினிக், எலக்ட்ரீசியன், அனுமந்தைப் பையன். அந்தோணியம்மாளின் தம்பி வழியில் தூரத்துச் சொந்தம், முறையும் சரியாக வந்தது. தவக்காலத்தில் கலியாணம் கூடாது என்பதால் பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகை முடிந்து மே மாதத்தில் நாள் குறித்தார்கள்.

அந்தப் பக்கத்துக் கலியாணத்தில் ஒரு முறை உண்டு. புருஷனும் மனைவியும் சேர்ந்து போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைக்க வேண்டும். முதல் வீடாக யாரை மதித்துப் போகிறார்களோ, அந்தப் பெரியவரிடம் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, "யாரையாவது விட்டுட்டோமா? சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர் ஒரு பேரைச் சொன்னால், எப்பேர்ப்பட்ட சண்டை இருந்தாலும் அந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். விட்டுப்போன ஒரு பத்திரிகையால் மூன்று தலைமுறை பேசாமல் கிடந்த குடும்பங்கள் உண்டு. அதற்காக ஏற்பட்ட முறை.

கிறிஸ்தவ வீடுகளில் முதல் பத்திரிகை கோயிலுக்குத்தான். பாஸ்கா முடிந்த திங்கட்கிழமை காலை இருதயநாதனும் இன்னாசியம்மாளும் தட்டோடு போய், சேசுவின் திரு இருதய சுரூபத்தின் காலடியில் பத்திரிகையை வைத்தார்கள். இருதயநாதன் கைகூப்பினார். சொந்தக்காரர் கலியாணம் எத்தனைக்கோ பத்திரிகை வைக்கக் கூடப் போய்ப் பழகிய வாய். யோசிக்காமல் கேட்டுவிட்டார்.

"யாரையாவது விட்டுட்டோமாப்பா? சொல்லு."

இன்னாசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவுருகிட்ட போயி கேக்குறீங்களே! அவுரு ஊரு மொத்தத்தையும் சொல்லுவாரு. மண்டபம் பத்தாது."

இருதயநாதன் சிரிக்கவில்லை. சுரூபம் சுரூபமாகத்தான் நின்றது. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மனசில் ஒரே ஒரு பேர் வந்து நின்றது. தள்ளினார். திரும்ப வந்து நின்றது. வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு விறுவிறு என்று வெளியே வந்துவிட்டார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அளத்தில் பழைய மாதிரிப் பேச்சு வரவில்லை. வரப்பில் இடம் விட்டு உட்காருவார். "ஏம்பா சேசு" என்பார். அப்புறம் ஒன்றும் ஓடாது. சண்டை போட்டுக்கொண்டு ஒரே வண்டியில் ஊருக்குத் திரும்புகிற இரண்டு பேர் மாதிரி இருந்தது. பதினோரு வருஷத்தில் இப்படி ஆனதில்லை. வேலை போனபோதுகூட அவருக்கு இத்தனை பயம் வரவில்லை. சகாதேவன் போனபோது சேசு இருந்தார். சேசுவும் பேசாவிட்டால் அந்த வெள்ளைவெளியில் வேறு யார்?

வியாழக்கிழமை வாய்விட்டு வாதாடியே பார்த்தார். "உன் ஆளு மூணு தடவ சொன்னான். ஒத்துக்கறேன். ஆனா அவன் பயந்துட்டான். அது வேற." கொஞ்ச நேரம் கழித்து அவரே கணக்குப் போட்டார். பேதுரு மூன்று தரம். சகாதேவன் ஒரே தரம். பேதுரு ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்தார். சகாதேவன் மேஸ்திரிக்குப் பயந்தார். கணக்கு தனக்குச் சாதகமாக வரவில்லை என்று தெரிந்ததும் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசைக்கு இன்னாசியம்மாள் அவரை இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு வாசகம் கடற்கரை வாசகம். உயிர்த்த சேசு விடியலில் கரையில் நிற்கிறார். சீடர்கள் இராத்திரி முழுக்க வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் வருகிறார்கள். இவர் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, வாங்க, சாப்பிடுங்க என்கிறார். பேதுரு தண்ணீரில் குதித்து வருகிறார்.

எத்தனையோ தரம் கேட்ட வாசகம்தான். அன்றைக்கு அந்தக் கரி நெருப்பு அவரைப் பிடித்து நிறுத்தியது. கூத்துக்குக் கரி நெருப்பு மூட்டிக்கொடுப்பதும் அவர்தான். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே தெரியாது என்று சொன்னது அப்படி ஒரு நெருப்புப் பக்கத்தில். அதே மாதிரி நெருப்பைச் சேசு தாமே மூட்டி, அதே ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுகிறார். ஏன்டா சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவும் இல்லை. தாமே கரைக்கு வந்தார்.

கூத்தில் பேதுருவின் கதை சேவலோடு சரி. வேஷக்காரர் துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டே மணிக்கூண்டுப் பக்கம் வந்து, வந்த கையோடு பீடி பற்றவைப்பார். இருதயநாதனும் கதையை அங்கேயே நிறுத்திவைத்திருந்தார். பத்து வருஷமாகக் கூவிக்கொண்டே இருந்தார், கூவினதுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று பார்க்கவில்லை.

இன்னொன்றும் அப்போது தோன்றிற்று. சிநேகிதனிடம் எல்லாவற்றையும் சொல்லுவார் என்று சாமியார் சொன்னதை நம்பித்தான் அவர் சேசுவோடு கூட்டுச் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து பேசியது முழுக்க இவர்தான். அவருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாரா? எந்தச் சொல்லுக்கும் தலையாட்டுகிற ஒரு ஆளைத் தானே செய்து வரப்பில் உட்காரவைத்துக்கொண்டாரோ என்னவோ. முதல் முதலாகக் கேட்டது திங்கட்கிழமைதான். அதுவும் வாய் தவறி.

சகாதேவன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போகணும் என்று வீட்டுக்கு வந்து இன்னாசியம்மாளிடம் சொன்னார். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளா? நாலு மாசம் எம் பொண்ணு வெறும் கஞ்சி குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போச்சு. நான் மறக்கல."

"நானும் மறக்கல. கேட்டுட்டனே இன்னாச்சி. கேட்டுட்டு மாட்டேன்னா முறையா?"

"சாமி வந்து சகாதேவன் பேர சொன்னாரா?"

"சொல்லல. வேற எந்தப் பேரும் வரல."

"அது உங்க மனசு."

"இருக்கட்டும். பதினோரு வருசமா எங் கூட்டாளி, எங் கூட்டாளின்னு சொல்லிக்கினு திரியுறேன். அவுருக்கும் கூட்டாளிங்க இருப்பாங்க இல்ல? எனக்குப் புடிக்காத ஆளு ஒருத்தன் அவுருக்குப் புடிச்சவனா இருந்தா, நான் இன்னா பண்றது?"

இன்னாசியம்மாள் வெகு நேரம் அரிசி புடைத்தாள். பிறகு, "வர்றேன். ஆனா வாசல்லயே நிப்பேன். அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கரை மேல் ஒரு மைல் நடை. சகாதேவன் வாசலில் ஆட்டுப்பட்டிக்குப் படல் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்தார். கையில் இருந்த கயிற்றைக் கீழே போடவும் இல்லை, கட்டவும் இல்லை. அவர் மனைவி தெய்வநாயகி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பாயைக் கொண்டுவந்து விரித்தாள். சொம்பில் மோர் வந்தது. ஒரு மைல் வெயிலில் நடந்த இன்னாசியம்மாள்தான் முதலில் வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இருதயநாதன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தட்டை நீட்டினார். "அனுஷியாவுக்குக் கலியாணம்."

சகாதேவன் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அனுஷியாவா? அம்பாரத்துல சறுக்கு வெளையாடி பாவாடையக் கிழிச்சிக்குமே, அந்தப் பொண்ணா?"

"அதேதான். இப்ப ஊருக்கே பாவாட தைக்குது."

சகாதேவன் சிரிக்கப் போய், சிரிப்பு வராமல் நின்றார். "கீழ் மடைய நான்தான் பாக்கல, நாதா."

"தெரியும்."

"தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு நின்னேன்."

"சொல்லணும்னுதான் நானும் நின்னேன். மேஸ்திரி மொகத்தப் பாத்தேன், வாய் தொறக்கல. அப்புறம் தெனம் தொறந்துது. கேக்கதான் ஆளு இல்ல."

இருதயநாதன் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு சாயங்காலமே நான் வந்து இந்த வாசல்ல நின்னிருந்தா சொல்லியிருப்ப. நான் வரல. நீ வரட்டும்னு பதினோரு வருசம் குந்திக்கினு இருந்தேன். அது எம் பேர்ல தப்பு."

"டேய், நீ இன்னாடா..." என்று சகாதேவன் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கயிற்றை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார். முகம் கழுவுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

தெய்வநாயகி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நாங்க எப்பிடிங்க அங்க வர்றது? எல்லாரும் எங்களையே பாப்பாங்க."

இருதயநாதன் பதில் தேடுவதற்குள் இன்னாசியம்மாள் முந்திக்கொண்டாள். "பாத்தா பாக்கட்டும். பந்தியில நான் பக்கத்துல குந்துறேன், வா."

திங்கட்கிழமை அளத்தில் வழக்கம்போல இடம் விட்டு உட்கார்ந்தார். "ஏம்பா சேசு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அந்த மூன்று நாள் பேசாமல் இருந்தது வேறு, இது வேறு. காற்று தெற்கிலிருந்து வீசிற்று. பாத்தியில் உப்பு பூத்துக்கொண்டிருந்தது. சோறு முடியும் வரை கேட்டுக்கொண்டு சும்மா இருந்தார்.

கலியாணத்துக்குச் சகாதேவனும் தெய்வநாயகியும் வந்தார்கள். எல்லாரும் பார்க்கத்தான் பார்த்தார்கள். பலராமன் மேஸ்திரியும் வந்திருந்தார். சகாதேவன் அவர் சாப்பிட்டுக் கைகழுவும் இடத்துக்குப் போய் ஏதோ சொன்னார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். என்ன பேசினார்கள் என்று இருதயநாதன் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை கூத்துப் பார்க்கச் சகாதேவன் வந்து, மணிக்கூண்டுப் படியில் இருதயநாதனின் பக்கத்தில் உட்கார்ந்தார். பேதுரு மூன்றாம் தரம் கையை உதறினார். இருதயநாதன் கூவினார். பிள்ளைகள் யாரும் விழித்துக்கொள்ளவில்லை. மைக்கே இல்லாமல் உபதேசியார் கத்துவது பின்னால் வரை கேட்டது. "இன்னாப்பா, சேவலுக்கு சளியா?"

பேதுரு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதபடியே படிப்பக்கம் வந்தார். இருதயநாதன் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். வந்தவர் உட்கார்ந்து மடியில் பீடியைத் தேடினார்.

சகாதேவன் குனிந்து கேட்டார். "ஏம்பா, இந்த ஆளு கத அவ்வளவுதானா?"

"இல்லப்பா" என்றார் இருதயநாதன். "கரையில மீன் சுட்டு வச்சிட்டு ஒருத்தர் கூப்புடுவாரு. அது இவங்க போடுறதில்ல."